எழும்பாத கை

12 ஜூன் 2024, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாள். காலையில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. கடைசி பீரியடில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை தானாக இறங்கிவிட்டது. வலி இல்லை. தூக்கமும் வரவில்லை. கைதான் மேலே போகவில்லை. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன்.

வீட்டுக்காரருக்கு இந்த வாரம் மைன்ஸில் செகண்ட் ஷிப்ட். வந்ததும் சொல்லலாமா? சொல்ல என்ன இருக்கிறது?

19 ஜூன், புதன்

துணி அலசிவிட்டு வந்து தலை வாரினால் கை நிற்கவில்லை. இவரே சடை பின்னிவிட்டார், கயிறு முறுக்குகிற மாதிரி. அப்படியே பள்ளிக்குப் போனேன்.

23 ஜூன், ஞாயிறு

ஆட்டுக்கறி. இவர் சமையல். முதலில் நன்றாகத்தான் மென்றேன். போகப் போகத் தாடை ஓய்ந்துவிட்டது. கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கறி வேகலியா?"

"நல்லா வெந்திருக்குங்க."

"அப்ப ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிகினு இருக்க?"

காலையிலேயே எழுந்து மசாலா அரைத்த மனுஷன். முகம் வாடிவிட்டது. மெல்லத் தெம்பில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

1 ஜூலை, திங்கள்

இங்கே டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் நன்றாக இருக்கிறதாம். சர்க்கரை இல்லை. தைராய்டும் சரி. சத்து ஊசி போட்டு, "ரொம்ப யோசிக்காதீங்கம்மா, ரெஸ்ட் எடுங்க" என்றார்.

யோசித்தால் கை விழுமா? இல்லை, நான்தான் சோம்பேறியாகிவிட்டேனா?

இவர் வடலூரிலிருந்து மாதுளை வாங்கி வந்து, உரித்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார்.

9 ஜூலை, செவ்வாய்

மேல் வீட்டு செசிலியா அக்கா மாலையில் வந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில பால் வாங்கறப்ப உன் கண்ணு நல்லாத்தான இருந்துச்சி. இப்ப பாதி மூடிகினு இருக்கே, புவனா."

கண்ணாடியில் பார்த்தேன். இடது இமை திரைபோல் இறங்கிக் கிடந்தது. இவர் போனில் படம் எடுத்து வைத்தார்.

14 ஜூலை, ஞாயிறு

சாயங்காலம் தண்ணி குடிச்சேன், மூக்கு வழியா வந்துடுச்சி. மூச்சு அடைச்சி, இருமி — செத்துடுவேனோன்னு நெனச்சேன். இவர் முதுகத் தடவிகினே இருந்தாரு. "நாளைக்குப் பாண்டிச்சேரிக்குப் போறோம். லீவு சொல்லிட்டேன்." அவ்ளோதான் சொன்னாரு. அவருக்கும் பயம். தெரியுது.

15 ஜூலை, திங்கள்

நரம்பு டாக்டர். வயதான பெண்மணி. முதல் கேள்வியே, "உங்களுக்குக் கையத் தூக்கணும்னே தோணலியா? இல்ல, தோணுது, கை எழும்பலியா?"

"தோணுது டாக்டர். எழும்பல." சொல்லும்போதே அழுதுவிட்டேன். இதுவரை யாரும் இப்படிக் கேட்கவில்லை.

அசதி வேறு, தசை பலவீனம் வேறு என்றார். கையைத் திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்லி, அது தளர்வதைப் பார்த்தார். போனில் இருந்த படங்களையும் பார்த்தார். பிறகு கையுறைக்குள் ஐஸ் போட்டு இடது இமைமேல் சற்று நேரம் வைத்தார். எடுத்ததும் கண் திறந்துகொண்டது. இவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

மயஸ்தீனியா என்று சந்தேகமாம். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராதாம். உபயோகிக்க உபயோகிக்கத் தளரும், ஓய்வெடுத்தால் தெம்பு வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழியை மறிக்கிறதாம். ரத்தம் எடுத்து, நெஞ்சு ஸ்கேனும் எடுத்து, அங்கேயே இரண்டு நாள் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நோய் என்று சொன்னதற்கு ஒருத்தி நிம்மதிப்படுவாளா? நான் பட்டேன்.

26 ஜூலை, வெள்ளி

ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. ஸ்கேன் சரியாக இருக்கிறது. நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை போட்டால் வயிறு கடமுடா என்கிறது. ஆனாலும் தோசையை முழுசாக மென்று தின்றேன்.

8 ஆகஸ்ட், வியாழன்

இப்படித்தான் ஓடுகிறது: சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை. வேலையெல்லாம் காலையில். தலைமையாசிரியை என் வகுப்புகளை மதியத்துக்கு முன்னால் மாற்றிக் கொடுத்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம். எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்து வாங்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் — இதை இவர் செசிலியா அக்காவுக்கும் பாடம் நடத்திவிட்டார்.

எல்லா நாளும் ஒன்றாக இல்லை. நேற்று புழுக்கம். சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

அடுப்படிப் பக்கம் என்னை விடுவதில்லை. குடத்தைத் தொட்டால் ஓடி வருகிறார். அன்புதான். அந்த அன்பிலேயே மூச்சு முட்டுகிறது.

22 செப்டம்பர், ஞாயிறு

இன்று வெடித்துவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கத்தியைப் பிடுங்கினார்.

"எதுக்குங்க பிடுங்கறீங்க? என்னால எது முடியும், எது முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? ஷிப்ட் முடிஞ்சி வந்து நீங்க தூங்கறதே இல்ல. நீங்க படுத்துட்டா அப்புறம் என்னைய யார் பாக்கறது?"

இவர் கத்தியோடு நின்றார். இன்னும் நிறைய இருந்தது என்னிடம். ஆனால் நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது.

"இருங்க. கொஞ்சம் உக்காந்துட்டு மீதியத் திட்றேன்."

சுவரோரம் இருந்த ஸ்டூலில் சாய்ந்தேன். இவர் கத்தியை வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அவசரமில்ல" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். காத்திருந்தார்.

தெம்பு வந்ததும் மீதியைத் திட்டி முடித்தேன். நாளை காலை சாம்பார் வைக்கப்போவது நான்தான்.