அடுத்த பக்கம்

அன்புள்ள ஜூடித்,

விவேக் நகரில் புதிதாக நான்கு பேருக்கு, பகடை உருட்டி ஆடும் நம்முடைய அந்த டிராகன் கதையையே ஞாயிறன்று நடத்தப் போகிறேன். இந்த முறை கதைப் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் உட்காருவேன். உங்கள் நால்வருக்கும் நடத்தியபோது அந்தந்த வாரத்துப் பக்கங்களோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆட்டத்தில் நீ ஏற்று ஆடிய வீரனுக்கு, இறந்துபோன உன் தம்பி டிரேவரின் பெயரை வைத்திருந்தாய். குகையில் அவன் வெட்டுப்பட்டு விழுந்ததும், "இன்னொரு சான்ஸ் குடுடா" என்று கேட்டாய்.

"புக்ல இவ்ளோதான் இருக்கு" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய்.

நேற்று அடுத்த பக்கத்தைப் படித்தேன். குகையில் விழுந்தவனைக் கூட இருப்பவர்கள் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எழுந்து வருவானாம்.

அன்றைக்கு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம், ஜூடித். எல்லோருமே கூப்பிட்டிருப்போம்.

பக்கத்தைப் புரட்டாமல் போன,
உன் நண்பன்