பவளத்துக்குச் சம்பந்தம் பேசியவனுக்கு

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் கடல் நாற்றம் குப்பென்று அடித்தது. கும்மிடிப்பூண்டியில் ரசாயன நெடிதான் நமக்குப் பழக்கம். இது அழுகிய பாசியும் உப்பும் கலந்த வாடை. தூத்துக்குடியிலிருந்து மாதிரிக்காக அனுப்பிய பழைய இரும்புச் சட்டம் மூலையில் கிடந்தது. வெல்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன்னைக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது மச்சான்.

பழவேற்காட்டில் உன் வாப்பா ஜவுளிக் கடையில் உட்காரச் சொன்னபோது, செத்துக்கொண்டிருக்கும் பவளத்திட்டைப் பிழைக்க வைக்கிறேன் என்று மன்னார் வளைகுடாவுக்கு ஓடினவன் நீ. பொன்னேரிப் பள்ளியில் ஒரே பெஞ்சு என்ற உரிமையில், பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கும் சட்டங்களைச் செய்யும் வேலையை என் தலையில் கட்டினாய். செய்து தந்தால் மட்டும் போதவில்லை. ஒவ்வொரு கம்பியிலும் வெல்டிங் பொட்டு வைக்கவேண்டும்: ஒரு தாய்ப் பவளத்தில் ஒடித்த துண்டுகளுக்கு ஒரு பொட்டு, அடுத்த தாய்க்கு இரண்டு, இப்படி. ஒரே தாயின் துண்டுகள் அடுத்தடுத்து வரவே கூடாது. பாய் பவளத்துக்கு ஜாதகம் பார்க்கிறார் என்று வெல்டர்கள் சிரித்தார்கள். எனக்கும் எரிச்சல்தான். நன்றாக வளரும் ஒன்றையே ஒடித்து நட்டால் வேலை முடிந்ததே என்றேன்.

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: "பங்காளிங்களயே சுத்தி உக்கார வச்சிக்கினு கல்யாணம் பண்ணுவியாடா? சம்பந்தம்னா வேற ஊட்லேர்ந்து வரணும்."

ஒரே தாயில் ஒடித்த துண்டெல்லாம் ரத்தத்தில் ஒன்றே, அவற்றுக்குள் வாரிசு பிறப்பது அரிது, ஒன்றுக்கு ஆகாத வெயில் அத்தனைக்கும் ஆகாது என்று அப்புறம் விளக்கினாய். பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் ஒரே ரக நெல்லைப் போட்டுப் பூச்சிக்கு மொத்தமாகப் பறிகொடுத்த என் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. மறுபேச்சில்லாமல் பொட்டு வைத்தேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. பாவி, அடுத்த கோடையைப் பார்க்காமலே போனாய். அந்த வருஷம் கடல் கொதித்தது. உங்கள் படகோட்டி போனில் சொன்னார்: மற்றவர்கள் அவசரத்தில் ஒரே தாயிலிருந்து நட்ட சட்டங்கள் மொத்தமும் வெளுத்துச் செத்துப்போயின, உன் சட்டங்களிலும் பாதிக்கு மேல் போயின, ஆனால் சில தாய்களின் துண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டன. போனை வைத்துவிட்டு அழுதேன். உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான்.

இப்போது உன் இடத்துக்கு வந்திருப்பவர் மறுபடி சட்டம் கேட்கிறார். பொட்டு வேண்டாமாம். வேகமாக வளரும் ஒரு தாயிலிருந்தே எல்லாத் துண்டும் எடுத்து, மழைக்கு முன் நட்டுவிடுவார்களாம். நல்ல மனிதர்தான், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறார். அவரிடம் சொல்லிவிட்டேன்: "பொட்டு இல்லாம ஒரு சட்டமும் இங்கேர்ந்து வெளிய போவாது சார். வேற ஆளப் பாத்துக்கங்க."

வெகுநேரம் வாதாடினோம். படகோட்டி சொன்னதைச் சொன்னேன். கடைசியில் இறங்கிவந்தார். ஆனால் அத்தனை தாய்களின் துண்டுகளும் படகில் கலந்துவிடாமல் யார் பார்த்துக்கொள்வது என்றார். நான் வருகிறேன் என்றேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. பழவேற்காட்டு ஏரியிலேயே உன் சட்டைமேல் வாந்தி எடுத்தவன் நான். இருக்கட்டும், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது எந்தத் தாயின் பிள்ளை என்று கேட்பேன். பதில் வராமல் ஒரு துண்டைக்கூடத் தண்ணீருக்குள் இறக்க விடமாட்டேன்.