பாடாலூர் பக்கம் திரும்பாத கார்

புனே
9.6.1998

அன்புள்ள ராசாங்கம் அண்ணனுக்கு,

அப்பா பழனிக்குப் போயிருக்கிறார் என்றீர்கள். அவர் போகவில்லை. நாங்கள் பெரம்பலூரில் இருந்த நான்கு நாளும் பாடாலூர் வீட்டில்தான் இருந்தார். கிளம்பும் அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வீட்டு ஆண்டாயி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி வெற்றி, இவ்ளோ தூரம் வந்துட்டு அப்பன் வூட்டு வாசல மிதிக்காமப் போறியே! நேத்துக்கூட மனுசன் எங்கூட்டுல சுண்ணாம்பு வாங்கிட்டுப் போனாரு" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

லாட்ஜில் ரூம், வாடகைக் கார், ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூரில் பல கோடி வருசத்துக் கல்மரம், கங்கைகொண்ட சோழபுரத்து நந்தி என்று எல்லாம் காட்டினீர்கள். பாடாலூர் பக்கம் மட்டும் கார் திரும்பவில்லை. கல்மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என் மகள் சிவரஞ்சனி, "மாமா, தாத்தா வூடு இதைவிடப் பழசா?" என்று கேட்டாள். நீங்கள் இளநீர்க்காரனைத் தேடிப் போய்விட்டீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம்.

நான் வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு போன அன்றே, மகள் செத்தாள் என்று அப்பா ஏரியில் தலை முழுகியது எனக்குத் தெரியும். அப்பளம் விற்றுத்தான் இங்கே கடை போட்டேன். இல்லாத சரக்கை இருக்கிறது என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இருக்கிற சரக்கை இல்லை என்றவர் நீங்கள் ஒருவர்தான்.

நேராகவே கேட்கிறேன். நான் அப்பாவைப் பார்க்க வேண்டும். என்ன சொன்னால் சம்மதிப்பார்? கேட்டு எழுதுங்கள்.

தங்கை,
வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
20.6.1998

அன்புத் தங்கைக்கு,

திட்டு எனக்கு வேண்டியதுதான். பிள்ளையையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை. "அவ மட்டும் வரட்டும். இருட்டினப்புறம், கொல்லப்பக்கமா. தலை முழுகினவன் வாசல்ல நின்னு வான்னு எப்புடிடா கூப்புடறது?" என்றார். அம்மா அடுப்படியில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கிடைத்ததை வாங்கிக்கொள், வெற்றி.

அண்ணன்,
ராசாங்கம்


புனே
1.7.1998

அண்ணனுக்கு,

கொல்லைப்பக்கமாக வருவது திருடனும் நாயும். நான் வரமாட்டேன்.

வந்தால் மூன்று பேரும் வருவோம். பகலில், முன்வாசல் வழியாக. அவர் வா என்று கூப்பிட வேண்டாம், பேசவும் வேண்டாம். அவர் சாப்பிடும் பந்தியிலேயே எங்களுக்கும் இலை போட வேண்டும். இதில் குறைக்க ஒன்றும் இல்லை. முடியாது என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள். மறுபடி உங்களைக் கோட்டை கோயில் என்று அலையவிட மாட்டேன்.

அழ வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
18.7.1998

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டிப் பல நாள் ஆயிற்று. நேற்று சாப்பிட்டுக் கை கழுவும்போது, "சரின்னு எழுது" என்றார்.

முடிவானது இதுதான். ஆடி கழியட்டும், ஆவணியில் வாருங்கள். மூன்று பேரும் பகலில் முன்வாசல் வழியாக வரலாம். அவர் வா என்று சொல்ல மாட்டார். மாப்பிள்ளையோடு பேச மாட்டார். ராத்தங்கக் கூடாது. சாப்பாடு ஒரே பந்தியில். அவருக்குப் பக்கத்து இலை சிவரஞ்சனிக்கு. கடைசியாகச் சொன்னது நீ கேட்காதது, அவராகவே சேர்த்தது.

அண்ணன்,
ராசாங்கம்