வாசலில் நிற்கும் பழக்கம்

மார்ச் 3, செவ்வாய்

கமா இன்றும் படியிறங்கிவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஓவிய ஆசிரியரை வழியனுப்ப வாசலில் நின்றேன். பழைய தலைமையாசிரியரின் குடையைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கணுக்காலில் ஏதோ உரசியது. குனிந்து பார்ப்பதற்குள் போயே போய்விட்டது. இரண்டாம் மாடியில், யாரோ ஒருவருடைய செருப்புக்குள் முகத்தை விட்டுக்கொண்டிருந்ததைப் பிடித்து வந்தேன்.

வால் நுனி கமா போல வளைந்திருப்பதால் வைத்த பெயர். நான்கு மாதப் பூனைக்குட்டி. மகள் ஒரு லாரிக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். “வீட்டுக்குள்ளயே வளருங்கப்பா. வெளிய விட்டா இது தாங்காது” என்று கொடுத்தாள். துணைக்கு என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்குத்தான்.

மார்ச் 5, வியாழன்

தபால்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினேன். மறுபடியும் செருப்புக்குள்.

மார்ச் 8, ஞாயிறு



ஞாயிறுதோறும் வருவதுபோல் மகள் வந்தாள், சாப்பிட்டாள், கிளம்பினாள். நான் வழக்கம்போல் கதவைத் திறந்து வைத்து, கடைசிப் படி வரை அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கமா இல்லை.

இறங்கி ஓடினேன். கீழ்த்தளத்துக் கிடங்கின் முன்னால் சரக்கு லாரி நிற்கிறது. அதன் பின்சக்கரத்தின் மேல் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது! ஓட்டுநர் தரையில் படுத்து உள்ளே நகர்ந்து கழுத்தைப் பிடித்து எடுத்தார். “ஒரு நிமிஷம் சார். ஒரே நிமிஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா வண்டிய எடுத்திருப்பேன்” என்றார். சட்டை முழுக்க எண்ணெய்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த மகளின் முகம் வெளுத்துவிட்டது. “இன்னொரு தடவை வெளிய போச்சுன்னா நான் தூக்கிட்டுப் போயிடுவேன்ப்பா. என் கூட வேலை பார்க்கிற பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா. கதவைச் சாத்துறது அவ்வளவு கஷ்டமா?”

போகட்டுமே. பூனைதானே. நாற்பது பிள்ளைகளை வருஷா வருஷம் அனுப்பி வைத்தவன்தானே நான்.

இல்ல. இது போகக் கூடாது. காலையில எழுந்தா கூப்பிட ஒரு பேரு வேணும்.

மார்ச் 9, திங்கள்

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கூடையைப் பிடித்துக்கொள்ள, கமாவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அடி ஒன்றுமில்லை. ஓடும் பழக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

“வாசல்ல ஏதோ சுவாரசியமா நடக்குதுன்னு அது நெனைக்குது சார். அங்க நின்னு பேசாதீங்க, கொஞ்சாதீங்க. ஆள் வந்தாலும் போனாலும் உள்ளயே பேசி முடிச்சிடுங்க. கதவு திறக்கிற நேரத்துல வேற இடத்துல தீனி வைங்க. எவ்வளவு நேரம் கதவு திறந்திருக்கும்?”

“ரெண்டு நிமிஷம்” என்றேன்.

தையல்காரம்மா கூடையோடு குலுங்கிச் சிரித்தார். “ரெண்டு நிமிஷமா! டாக்டரம்மா, சார் வீட்டுக்குப் போனா உள்ள உக்காந்து பேசுறது அஞ்சு நிமிஷம், வாசல்ல நின்னு பேசுறது அரை மணி. நான் தைக்கிற ரவிக்கையில பாதி அந்தக் கதையைக் கேட்டுக்கிட்டே தைச்சதுதான்.”

பூனைக்கு மருந்து கேட்கப் போனேன். எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

ஏன் நிற்கிறேன்? போகிறவர் முதுகில் தாழ்ப்பாள் சத்தம் விழக் கூடாது என்பார் என் அப்பா. அப்படியே வளர்ந்தேன்.

என் மனைவி இதற்கு நேர்மாறு. மகள் கல்லூரிக்குக் கிளம்பிய காலத்திலிருந்தே “சரி, பார்த்துப் போ” என்று சொன்ன கையோடு உள்ளே போய்விடுவாள். எனக்குக் கோபம் வரும். “பெத்த பொண்ணு கிளம்புறா, ரெண்டு நிமிஷம் நிக்கக் கூடாதா?” என்றால், “வாசலுக்குத்தான் நீங்க இருக்கீங்களே” என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் குரல் இன்னும் முன்னறைப் பக்கமிருந்துதான் கேட்கிறது.

மார்ச் 11, புதன்

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பாடம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம், “தண்ணி குடிக்கணும் சார்”. பிள்ளைகள் அவளுக்குத் தண்ணிப்பானை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கண்டிக்கச் சொன்னார்கள். நான் அவளைச் சாலை தெரிகிற ஜன்னலோரம் மாற்றினேன். தாகம் தீர்ந்துவிட்டது.

அந்த நினைவில் முன்னறை ஜன்னலோரத்தைக் காலி செய்தேன். இரண்டு வருஷமாக அதன்முன் என் பழைய நிலப்படங்களையும் புத்தகங்களையும் அடுக்கி மறைத்து வைத்திருந்தேன். தச்சர் வந்து கம்பி வலை அடித்தார். கமாவின் கிண்ணம் இனி அங்கேதான். ஜன்னல் பலகையில் ஒரு மூலையில் மட்டும் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. வெயிலாக இருக்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

ஓவிய ஆசிரியர் வந்தார். நாற்காலியில் இருந்தபடியே விடை கொடுத்தேன். “என்னய்யா, எம்மேல ஏதாவது கோபமா?” என்று நான்கு முறை கேட்டுவிட்டுப் போனார். கமா கிண்ணத்தைவிட்டு நகரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகளிடம் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். சாப்பாட்டு மேசையருகிலேயே விடைபெற்றாள். கதவை அவளே சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தம். அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

காலடி கேட்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கமாவுக்குக் கருவாட்டுத் துண்டு வைக்க ஜன்னலுக்குப் போனேன்.

கீழே அவள் தெருவுக்கு வந்தாள். நான்கு அடி நடந்தாள். திரும்பி, நேராக இந்த ஜன்னலைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கை காட்டினேன். அவள் காட்டவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“அப்பா, நீங்களா?”

“நான்தாம்மா. ஏன்?”

“அம்மா எப்பவும் அங்கதான் நிப்பாங்க. நான் முனை திரும்புற வரைக்கும். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா. நான் வாசல்ல நிப்பேன்ல.”

“அம்மா போனதுக்கப்புறமும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் பார்த்துக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன். பழக்கம்.”

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் முனை திரும்பும்வரை நின்றேன். அப்புறம்தான் கவனித்தேன், என் முழங்கை எங்கே ஊன்றியிருக்கிறது என்று. வண்ணம் தேய்ந்த மூலையில்.

மார்ச் 22, ஞாயிறு

மகள் வந்து போனாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுமே கமா ஓடியது, ஜன்னலுக்கு. நான் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்த மூலையைப் பிடித்துக்கொண்டது.

“தள்ளு. எனக்கும் கொஞ்சம் இடம் விடு” என்றேன்.