முகம் விழாத கேசட்

இராமநாதபுரம்,
18.7.1999

அன்பு மாப்பிள்ளை அலியாருக்கு,

சின்னக்கருப்பன் எழுதிக்கொண்டது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உன் வாப்பா மௌத்தாகி இன்றோடு முப்பத்தெட்டு நாள். அடக்கத்துக்கு வர முடியாமல் போனதைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. நான் எடுத்த வீடியோ ஒன்றுதான் உனக்கு மிச்சம் என்றும், வாப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றும் நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். கேசட்டை சவூதிக்கு, தம்மாமுக்குத் திரும்புகிற பாக்கர் பாய் கையில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். ஆனால் கடிதத்தை முழுக்கப் படிக்காமல் கேசட்டைப் போட்டுப் பார்க்காதே. ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்கிறேன்.

மற்ற செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்மாயில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. அய்யாவுக்கு மூட்டுவலி, ஆனாலும் காட்டுக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார். தங்கச்சி நாகலெட்சுமிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. சர்க்கார் ஆபீஸில் என் வேலை இன்னும் தினக்கூலிதான். வீடியோ உதவியாளர் என்று பெயர் மட்டும் பெரிசு. வயர் சுருட்டுவேன், ஸ்டாண்டு தூக்குவேன், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவேன். அதிகாரி ரிப்பன் வெட்டும்போது குறுக்கே வருகிற ஆட்களைக் கும்பிட்டு நகர்த்துவேன். ஊரில் என்னைச் சினிமாக்காரன் என்கிறார்கள். கேட்டால் உனக்கே சிரிப்பு வரும்.

தள்ளிப்போடுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சரி, எழுதுகிறேன்.

மார்ச் மாதம் உங்கள் பெரியபட்டினம் பள்ளிக்கூடத்தில் மனு வாங்குகிற முகாம் நடந்தது. கேமராக்காரருக்கு அம்மை போட்டிருந்ததால் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேமராவை என் தோளில் வைத்தார்கள். தெருவிளக்கு மனுவோடு உன் வாப்பாவும் வரிசையில் நின்றார். மாமாவுக்கு அது ஐந்தாவது மனு. அந்த விளக்கு இன்னும் எரியவில்லை. அவர் மனுக் கொடுத்ததை எடுத்தேன். ஆனால் மாப்பிள்ளை, எங்கள் வேலையில் வாங்குகிறவரின் முகமும் கொடுக்கிறவரின் முதுகும்தான் விழ வேண்டும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அந்த இடத்தில் மாமாவின் முதுகும் வெள்ளைத் தொப்பியும் நீட்டிய கையும் மட்டும் இருக்கின்றன.

எல்லாம் முடிந்ததும் மாமா என்னிடம் வந்தார். வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ மாட்டச் சம்மதிக்காத மனுஷன், “ஏலே கருப்பா, அந்தப் பொட்டிக்குள்ள என்னையும் செத்த நேரம் புடிச்சு அந்தப் பயலுக்கு அனுப்பேன்” என்றார். ஓட்டு அட்டையில் இருக்கிற கரி அப்பிய படத்தைத் தவிர அவருக்கு வேறு படமே கிடையாது என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் நிற்கவைத்து எடுத்தேன். இரண்டு நிமிடம் பேசினார். கடைசியில் சிரித்தார். முன்பல் ஒன்று போயிருந்தது. அன்றைக்கே பூத்திலிருந்து உனக்குப் போன் பண்ணினேன். கோபமாக இருந்தாரா என்று மட்டும் நீ கேட்டாய். இல்லை, சிரித்தார் என்றேன்.

கேசட்டை மறுபடி யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று ஆபீஸில் வேறொன்றை வைத்துவிட்டு அதை என் பெட்டியில் பூட்டி வைத்தேன். உனக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று மூன்று மாதம் ஓட்டினேன். அதற்குள் மாமா போய்விட்டார். லுஹர் தொழுகைக்கு முன்னால் உயிர் போய், அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்தது. மாமாவின் உடலுக்கு அருகில் நான் நின்றேன். உனக்காக ஒரு படமாவது எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஜமாஅத்தில் கேட்டிருக்கலாம். நான் கேட்கவே இல்லை. உயிரோடு சிரிக்கிற முகம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்கிற தைரியம்.

உன் கடிதம் வந்த பிறகுதான் கேசட்டை முதல்முறையாகப் போட்டேன். மாமாவின் முகம் அதில் இல்லை.

எப்படி என்று சொல்கிறேன். கேமராவில் ஒரே பொத்தான்தான். ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். ஓடும்போது கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும். அதிகாரி பேசி முடித்ததும் வியர்த்த விரலால் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறேன். நின்றுவிட்டது என்று நான் நினைத்த கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மாமாவை எடுக்க அழுத்தினேனே, அப்போதுதான் நின்றிருக்கிறது. புள்ளி எரிகிறதா என்று பார்க்க வேண்டிய நான், மாமாவின் தொப்பி வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசி முடித்ததும் நிறுத்துவதாக நினைத்து அழுத்தினேன். அது ஓடத் தொடங்கியது. அப்புறம் அதிகாரி ஜீப்பில் ஏறுவதை எடுக்க அழுத்தினேன், அது நின்றது, புள்ளியைக் காணோமே என்று மறுபடி அழுத்திச் சரிசெய்தேன். பேட்டரி கோளாறு என்று நினைத்தேனே தவிர, மாமாவின் நினைப்பு வரவில்லை. எல்லாம் என் தப்பு. அன்றைக்கு யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என்ன பேசினார் என்று மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தேன். உம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்றார். தொழுகையை விடாதே என்றார். உன் தங்கச்சி மஜீதாவின் மகன் உன் சாடையில் இருக்கிறான் என்றார். மீதி நினைவில் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இப்போது நான் அனுப்பும் கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேள். மனுக் கொடுக்கிற முதுகு. அதன் பிறகு மூன்று நிமிடம் பதினொரு வினாடி, நான் கையில் தொங்கவிட்ட கேமராவில் தானாக விழுந்தது. அதில் மாமாவின் கட்டம்போட்ட கைலி தெரியும், ரப்பர் செருப்பு தெரியும், பள்ளிக்கூடத்து மணல் தெரியும். குரல் மட்டும் சுத்தமாக விழுந்திருக்கிறது. எடுத்து முடித்தாகிவிட்டது என்று நினைத்து என்னிடம் அவர் பேசியது அது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

“முடிஞ்சிருச்சாலே? பேச வந்தது ஒண்ணு, பேசுனது ஒண்ணாப் போச்சு. பொட்டியப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிருச்சு. பேசி வச்ச பொண்ண வேணாம்னுட்டுப் போறானேன்னு ஒரு கோவம். இனி எம் மொகத்துல முழிக்காதன்னுட்டேன். கோவத்துல வாரதுதானலே. ஆறு வருசமா பஜ்ருக்கு எந்திரிச்சா மொதல்ல அதுதான் காதுல விழுகுது. அவனும் அதையே புடிச்சுக்கிட்டு வராமலே இருந்துட்டான். எம்புள்ளைல்ல, ரோசம் இருக்கத்தான செய்யும். தப்பு அவன் மேல இல்லலே. அவன்ட்ட சொல்லு, நான்...”

அங்கே அறுந்துவிடுகிறது. நான் ஜீப்பைப் பார்த்துப் பொத்தானை அழுத்தியது அந்த நொடியில்தான்.

நடுநடுவே இன்னொரு குரலும் கேட்கும். “சரி மாமா, சரி மாமா” என்று. அது நான். உன் வாப்பா ஆறு வருஷத்து வேதனையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் அதிகாரி எப்போது கிளம்புவார் என்று பார்த்துக்கொண்டு சரி மாமா போட்டிருக்கிறேன். இந்தக் குரலை நீ கேட்கப்போகிறாயே என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கமாக இருக்கிறது. ஜீப் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். மாமா கேட்டைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். வயர் சுருட்டுகிற வேலை இருந்தது.

அந்த ‘நான்’ என்பதற்குப் பிறகு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று மூன்று நாளாக நானே எழுதிப் பார்த்தேன். பொருத்தமாகவே வந்தது. உனக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். நினைவிலிருந்து எழுதுகிறேன் என்று சேர்த்திருந்தால் நீ நம்பியிருப்பாய். ஆனால் மாமா சொல்லாத வார்த்தையை மாமாவின் வாயில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

இனி அத்தையைப் பற்றி. உன் உம்மா இத்தாவில் இருக்கிறார்கள். அந்த நாலு மாதம் பத்து நாளும் வெளி ஆண்கள் நேரில் பார்க்க முடியாது. நேற்றுப் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்கள். குரல் மெலிந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை என்று மஜீதா சொன்னாள். அத்தை என்னிடம் ஒன்றுதான் கேட்டார்கள். “கருப்பா, கேசட்டு அவன் கைக்குப் போயிருச்சாப்பா? மண்ணுக்குள்ள போன மொகம் அங்கன அவன் கண்ணுலயாச்சும் விழுந்திரும்ல?” என்றார்கள். பாக்கர் பாயிடம் கொடுக்கப்போகிறேன் அத்தை என்று சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அதற்கப்புறம் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மஜீதா கொடுத்த தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

கேசட் சேர்ந்ததும் வருகிற வெள்ளிக்கிழமை வழக்கம்போல நீ போன் பண்ணுவாய். அத்தை கேட்பார்கள். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமலே இருந்தாலும் சரி, எனக்கு அது தகும். அத்தையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு மாப்பிள்ளை. பார்த்தேன் உம்மா, வாப்பா சிரிச்சாக, முன்பல் ஒண்ணு போயிருந்துச்சு என்று சொல். பல்லைச் சொன்னால் நம்பிவிடுவார்கள். அது பொய்யில்லை. நான் பார்த்தேன்.

ஆண்டவன் உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

உன்,
கருப்பன்