அந்தப் பல்லைக் காட்டியது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இங்கே அம்மா சுகம். எனக்குச் சளி, அதனால்தான் போனில் பேசுவதில்லை என்று உன்னிடம் சொல்லிவருகிறாள். சளியெல்லாம் இல்லையம்மா, உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்றுதான் பேசவில்லை.

கடிகாரக்கடை மாமா மண்சரிவில் போய்விட்டார் என்பது உனக்குத் தெரியும், எப்படிப் போனார் என்பது தெரியாது. நாலு நாள் மழை பெய்திருக்கிறது, கடலோரக் களிமண் மேட்டில் புதிதாக மண் விழுந்திருக்கும், கல்லாகிப்போன சுறாப் பல் கிடைக்கும் என்று காலையிலேயே நான்தான் அவரைக் கூப்பிட்டேன். கடையில் வேலை குவிந்து கிடக்கிறது, முழங்கால் வேறு வலிக்கிறது, வரவில்லை என்று மூன்று தடவை சொன்னார். இருபது வருஷமாக இரண்டு பேரும் பெட்டி பெட்டியாகச் சேர்த்தோமே, பல் டாக்டரிடம்கூட இவ்வளவு பல் இருக்காது என்று நீ கேலி செய்வாயே, அத்தனையிலும் அந்தக் காலத்து ராட்சதச் சுறாவின் பல் ஒன்றுகூட வேரோடு முழுசாக இல்லை. அந்தக் குறை அவரைவிட எனக்குத்தான் அதிகம். "ஒரு மணி நேரத்துல வந்துடலாம், வாய்யா" என்று இழுத்துக்கொண்டு போனேன். மேட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி. எனக்கு எட்டவில்லை, அவர் உயரம், நீ எடுய்யா என்று கை காட்டினேன். அவர் கை வைத்ததும் மேலேயிருந்து மண் மொத்தமாக வந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் வரும்வரை வெறும் கையால் தோண்டினேன், முகம்கூட வெளியே வரவில்லை. அந்தப் பல் எங்கே போனதோ, நான் தேடவில்லை.

சாவு வீட்டில் எல்லோரும், பல் பைத்தியம் பிடித்துத் தானாகப் போய் மாட்டிக்கொண்டார் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்றுக் கடைக்குப் போனேன். பழுது பார்த்துவைத்த கடிகாரங்களை அத்தை துடைத்து உரியவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த ஆட்கள் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு அவர் வரமாட்டேன்னா சொன்னாரு?" என்று கேட்டார்கள். மூன்று தடவை சொன்னாரம்மா என்றேன். "எங்கிட்ட சொல்லாமக்கூட ஓடிட்டாரேன்னு மூணு வாரமா அவரைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேண்ணா" என்று அழுதார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நீங்க இங்க வராதீங்க" என்றார்கள். வந்துவிட்டேன்.

அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அத்தைக்குப் போன் செய், சாப்பிட்டார்களா என்று கேள், நீ கூப்பிட்டால் எடுப்பார்கள். குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, அத்தையிடம் பேசும்போது என் பேச்சை மட்டும் எடுக்காதே.

உன் அப்பா