தாளிக்காத மே மாதம்

ஏப்ரல் 26, சனி

இன்று வந்த சென்னைக் குடும்பம் அறையையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. "மெனு கார்டு இருக்கா?" என்றார்கள். எங்கள் விடுதியில் மெனு கார்டு என்பது சமையல்கார சென்னம்மாள்தான். கூப்பிட்டு நிறுத்தினேன்.

"சாமைச் சோறு இருக்குங்க, மொச்சைக் குழம்பு இருக்குங்க. கோழி வேணும்னா காத்தாலயே சொல்லியிருக்கோணுங்க."

மூத்த பெண் ஒயிட் சாஸ் பாஸ்தா கேட்டாள். சென்னம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அது இந்த மழைக்கு வெளையலீங்க."

கொல்லிமலையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அருவிப் படிக்கட்டில் முடவாட்டுக்கால் சூப். அது வெறும் கிழங்கு என்றால் சைவர்கள் நம்புவதில்லை, அசைவர்கள் மன்னிப்பதில்லை. வாசலூர்பட்டி படகுத்துறையில் மிளகாய் பஜ்ஜி. செம்மேட்டில் பரோட்டா. "இதைத் தின்னவா எழுபது வளைவு ஏறி வந்தோம்?" என்பார்கள். மிச்சம் இருப்பது நாங்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

யுவராஜ் வந்தான். என் கொழுந்தன், ராசிபுரத்தில் டைல்ஸ் கடை. அவன் அண்ணன், என் வீட்டுக்காரர், காலமான பிறகு இந்த நாலறை விடுதியில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. உழைப்பு மட்டும் பாகம் பிரியவில்லை.

"அண்ணி, கோயமுத்தூர் கம்பெனி ஒண்ணு பத்து வருசக் குத்தகைக்குக் கேக்குது. இந்த மே மாசம் நல்லாப் போச்சுன்னா நீங்களே நடத்துங்க. இல்லீன்னா குடுத்துர்லாம்."

"நான் எங்க போறது?"

"கீழ எங்க ஊட்ல ரூம் சும்மாதானுங்க கெடக்குது."

டைல்ஸ் சாம்பிள் அடுக்கிய அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். என் புத்தக அலமாரியை உள்ளே வைத்தால் நான் வெளியே நிற்க வேண்டும்.

போகும்போது, ‘காரசாரமான நாட்டுக்கோழி வறுவல், மே மாதம் முழுவதும்’ என்று இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டதாகச் சொன்னான். என்னைக் கேட்கவில்லை. மாரியம்மனையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாரியம்மன் நோம்பி சாட்டியாகிவிட்டது; திருவிழா அறிவித்துக் கோயில் முன்னால் கம்பமும் நட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை பொங்கல் வைக்கும்வரை ஊர் எல்லைக்குள் கறி கூடாது, தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் அம்மனுக்கு ஆகாது.

அம்மனுக்கு மே மாதம் ஆகிறது. எனக்குத்தான் ஆகவில்லை.

மே 1, வியாழன்

விடுமுறைக் கூட்டம். நாலு அறையும் நிறைந்துவிட்டது. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, உப்பு, காந்தாரி மிளகாய். கரூர்க்காரர் ஒருவர் மிக மரியாதையாக, "ஏனுங்க, யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டார்.

மே 2, வெள்ளி

திருச்செங்கோட்டிலிருந்து வந்தவர் தம் சேவலையும் காரில் கூட்டி வந்திருக்கிறார். அருவிக்குப் போய்வருவதற்குள் வறுத்து வைக்க வேண்டுமாம். விளம்பரத்தைக் காட்டினார். நான் வானத்தைக் காட்டினேன். கோபித்துக்கொண்டு சேவலை விட்டுவிட்டுப் போய்விட்டார். பலா மரத்தில் கட்டியிருக்கிறேன். இந்த விடுதியில் குறை சொல்லாமல் தின்கிற ஒரே விருந்தாளி.

மே 3, சனி

சென்னம்மாளிடம் கெஞ்சினேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு கரண்டி எண்ணெய்?

"கதவுக்கு உள்ளார அம்மன் இல்லீங்களா அம்மிணி?"

கரண்டியை ஆணியில் மாட்டினேன். இத்தனை புத்தகம் படித்தது வீண்.

மே 4, ஞாயிறு

பாவி! படுபாவி! சென்னம்மாள் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போயிருந்த நேரம், நான் வாசலூர்பட்டிக்குப் பால் வாங்கப் போன நேரம் — யுவராஜ் வந்து சேவலை அறுத்து, அடுப்பை மூட்டி, கடுகு, மிளகு, சின்ன வெங்காயம் போட்டு வறுத்திருக்கிறான். திரும்பி வரும்போது பாதி வழியிலேயே வாசனை வந்துவிட்டது. ஊரே மூக்கை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது. இவன் என்ன பண்ணுறான்? விருந்தாளிகளுக்கு இலை போடுறான்!

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மே 5, திங்கள்

கோயிலடியில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாட்டு கெட்டுப்போச்சு. நாளைக்கு மறுக்கா சாட்டோணும்."

அதாவது, முதலிலிருந்து. நாளை மறுநாள் பொங்கல் முடிந்ததும் தாளிக்கலாம் என்று வெங்காயம் உரித்து வைத்திருந்த பெண்கள் எல்லோரும் யுவராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குத் தண்டனை, பொங்கல் வரை ஊரிலேயே தங்கிக் கோயில் கஞ்சிக்குக் கிழங்கு உரிப்பது.

"அண்ணி, கடை?"

"டைல்ஸ் கெட்டுப்போகாது தம்பி."

மே 8, வியாழன்

மூன்று குடும்பங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டன. விடுதி போயிற்று. அலமாரியை அளந்து பார்த்தேன். அந்த அறைக்குள் போகாது.

மே 10, சனி

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யுவராஜ் கையெல்லாம் கிழங்குப் பாலோடு ஓடிவந்தான். அறைகளைப் பார்த்தார்கள், பிடித்தது. ஏரியைப் பார்த்தார்கள், பிடித்தது. நான் உள்ளே போய்ப் புத்தகங்களைக் கட்ட ஆரம்பித்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இதான் லஞ்சா?"

"நோம்பிங்க" என்றாள் சென்னம்மாள். விவரமும் சொன்னாள்.

"வருஷத்துல ஒரு வாரம்தானே?"

"கோடையில இது ஒண்ணுங்க. ஆடியில ஒண்ணு. தையில ஒண்ணு."

வந்த இருவரில் பெரியவர் கணக்குப் போட்டார். கோடை விடுமுறை, ஆடிப் பெருக்கு, பொங்கல் விடுமுறை. கூட்டம் வரும் நாளாகப் பார்த்து அம்மன் நாள் குறித்திருக்கிறாள்.

"அப்ப எட்டு எட்டு நாள்?"

"கெடாம இருந்தா எட்டுங்க. எவனாச்சும் தாளிச்சுப்போட்டா மறுக்கா மொதல்ல இருந்துங்க." யுவராஜ் பக்கம் கையை நீட்டினாள். "இந்தச் சாமி புண்ணியத்துல இப்ப ரெண்டாந்தரம் ஓடுதுங்க. கிழங்கு இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

பத்து நாளாக நான் அழுது புலம்பிய அதே விஷயங்கள். அவள் வாயில் கேட்கும்போது எவ்வளவு நன்றாக இருந்தன.

மே 13, செவ்வாய்

"அண்ணி, அவுங்க போனே எடுக்க மாட்டேங்கறாங்க."

"மலையில சிக்னல் சரியில்ல தம்பி."

"அவுங்க கோயமுத்தூர்ல இருக்காங்க அண்ணி."

கிழங்கை ஒழுங்காக உரிக்கச் சொன்னேன்.

மே 15, வியாழன்

நேற்றுப் பொங்கல் முடிந்தது. இன்று விடிந்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது. யுவராஜ் முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போனான். அடுத்த மே வரைக்கும் குத்தகைப் பேச்சு இல்லை என்று அவனே சொன்னான், விளம்பரத்தையும் எடுத்துவிட்டான்.

மத்தியானம் சேலத்துக்காரர்கள் வந்தார்கள். மெனு கார்டு கேட்டார்கள். கூப்பிடத் திரும்பினேன். சென்னம்மாள் சட்டியில் கடுகைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

"சாமைச் சோறு இருக்குங்க" என்று நானே ஆரம்பித்தேன்.